முதலில் தேடவேண்டியது எது?



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கில் ஒரு புதிய வீட்டை மந்திரிக்கச் சென்றிருந்தேன். இரண்டு மாடி வீடு. கூடத்தில் தொலைக்காட்சிக்கென்று தனிச் சுவர், மீன் தொட்டிக்கு ஓர் இடம், மாடிப்படியின் கீழே காலணிகளுக்கு அலமாரி என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்துக் கட்டியிருந்தார்கள். ஜெபம் தொடங்குமுன், "பீடம் எங்கே?" என்று கேட்டேன். வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பழைய வீட்டில் நாற்பது ஆண்டுகள் தொங்கிய திரு இருதய ஆண்டவர் படத்தை மார்போடு அணைத்தபடி பாட்டி ஓரமாக நின்றார். அதை எங்கே மாட்டுவது என்று யாரும் யோசித்திருக்கவில்லை.

அவர்கள் பக்தி இல்லாதவர்கள் அல்லர். ஞாயிறு திருப்பலிக்குத் தவறாமல் வருகிறவர்கள். கடவுளை அவர்கள் மறுக்கவில்லை, வெறுக்கவுமில்லை. வீட்டுக்கு வரைபடம் போட்டபோது அவர் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். நம்மில் பெரும்பாலோரின் நிலையும் இதுதான். நாம் கடவுளைத் துரத்திவிடுவதில்லை. அவருக்குரிய முதலிடத்தை வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய இடத்தில் அவரை இருக்கச் சொல்கிறோம்.

ஆன்மிக வாழ்வையும் பொருள் தேடலையும் பற்றித் திருவிவிலியமும் திருச்சபையும் என்ன கற்பிக்கின்றன என்பதை இக்கட்டுரையில் சுருக்கமாகக் காண்போம்.

1. 'முதலில்' என்ற சொல்

மத்தேயு நற்செய்தி 6ஆம் அதிகாரத்தில், மலைப்பொழிவின் நடுவே, ஆண்டவர் செல்வத்தைப் பற்றிப் பேசுகிறார். பூச்சியும் துருவும் அழிக்கும் செல்வத்தைச் சேர்க்கவேண்டாம் என்கிறார் (மத் 6:19-21). ஒருவர் இரு தலைவர்களுக்கு ஊழியம் செய்ய இயலாது என்கிறார் (6:24). இந்த இடத்தில் 'மாமோன்' என்னும் அரமேயச் சொல் கிரேக்க நற்செய்தியில் அப்படியே விடப்பட்டுள்ளது. செல்வம், உடைமை என்பது அதன் பொருள். செல்வம் கைக்கருவியாக இருக்கவேண்டியது. ஆனால் அதுவே நம்மை வேலை வாங்கும் எசமானாகிவிடக்கூடும் என்பதால்தான் ஆண்டவர் அதைக் கடவுளுக்கு எதிரே நிற்கும் ஒரு தலைவனைப் போலக் காட்டுகிறார்.

அதன்பின் உணவு, உடை பற்றிய கவலையைத் தொடுகிறார். இவை நமக்குத் தேவை என்பது விண்ணகத் தந்தைக்குத் தெரியும் என்கிறார் (6:32). பிறகு, முதலில் இறையாட்சியைத் தேடுமாறு அழைக்கிறார் (6:33). கவனியுங்கள், 'அதை மட்டும்' என்று அவர் சொல்லவில்லை, 'முதலில்' என்கிறார். அன்றாடம் கூலி பெற்று, அன்றாடம் அடுப்பெரித்த மக்களிடம்தான் இதைச் சொன்னார். அவர்களுடைய பசியை அவர் அற்பமாக நினைக்கவில்லை. வரிசையைத்தான் திருத்தினார்.

இந்த வரிசையை அதே அதிகாரத்தில் அவர் கற்றுக்கொடுத்த ஜெபத்திலும் காணலாம் (6:9-13). 'விண்ணுலகில் இருக்கிற' ஜெபத்தில் ஏழு மன்றாட்டுகள் உள்ளன. முதல் மூன்றும் தந்தையின் பெயர், அவரது ஆட்சி, அவரது திருவுளம் பற்றியவை. நான்காவதாகத்தான் நம் அன்றாட உணவு வருகிறது. உணவுக்காக மன்றாடவேண்டாம் என்று ஆண்டவர் தடுக்கவில்லை. முதலாவதாக அதைக் கேட்கவுமில்லை. நாள்தோறும் இந்த ஜெபத்தைச் சொல்கிற நமக்கு, நம் வாழ்வின் வரிசையை இதைவிட எளிதாகக் கற்றுத்தரும் பாடம் வேறில்லை.

2. பழைய ஏற்பாட்டுப் பின்னணி

இஸ்ரயேல் மக்கள் செல்வத்தைத் தீமையாகக் கருதவில்லை. ஆபிரகாமின் மந்தைகளும் வாக்களிக்கப்பட்ட நாட்டின் விளைச்சலும் இறைவனின் ஆசீர்வாதமாகவே பார்க்கப்பட்டன. ஆனால் அந்த ஆசீர்வாதத்தினுள்ளேயே ஓர் ஆபத்தும் இருப்பதை மோசே எச்சரித்தார்: உண்டு நிறைவடைந்து, நல்ல வீடுகளைக் கட்டிக் குடியேறி, ஆடுமாடுகளும் வெள்ளியும் பொன்னும் பெருகும்போது, ஆண்டவரை மறந்துவிடாதபடி கவனமாக இருக்கவேண்டும் (இச 8:11-14). பாலைநிலத்துப் பசியைவிட நிறைந்த களஞ்சியமே நம்பிக்கைக்குப் பெரிய சோதனை என்பது அவர் கண்ட உண்மை.

பாலைநிலத்தில் பொழிந்த மன்னாவும் ஒரு பாடம். அன்றன்றைய தேவைக்கு மட்டும் சேர்க்கச் சொல்லியிருந்தும், சிலர் மறுநாளுக்கென்று வைத்துக்கொண்டார்கள். அது புழுத்து நாறியது (விப 16:19-20). ஓய்வுநாளுக்கு முந்தின நாள் சேர்த்த இரட்டைப் பங்கு மட்டும் கெடவில்லை (16:22-24). பேராசைக்காகச் சேர்த்தது அழுகியது. ஆண்டவரின் நாளுக்காகச் சேர்த்தது நிலைத்தது.

நாட்டில் குடியேறிய பின், விளைச்சலின் முதற்கனிகளைக் கூடையில் எடுத்துச்சென்று ஆண்டவர்முன் வைக்கவேண்டும் என்பது சட்டம் (இச 26:1-11). செலவெல்லாம் போக மிஞ்சியதை அல்ல, முதலில் விளைந்ததையே கொடுத்தார்கள். அடுத்தது எப்படி விளையும் என்று தெரியாத நேரத்தில் கொடுப்பதுதான் முதற்கனி. அதனால்தான் அது நம்பிக்கையின் அடையாளம்.

3. சொத்துத் தகராறுக்கு ஆண்டவர் தந்த பதில்

லூக்கா 12:13-21இல் உள்ள அறிவற்ற செல்வன் உவமை நமக்கு நன்கு தெரியும். அது எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்பதை மட்டும் அடிக்கடி மறந்துவிடுகிறோம். கூட்டத்திலிருந்து ஒருவர், சொத்தைத் தம்மோடு பங்கிட்டுக்கொள்ளும்படி தம் சகோதரருக்குச் சொல்லுமாறு ஆண்டவரைக் கேட்கிறார். அது ஒரு பாகப்பிரிவினை வழக்கு! அவர் கேட்டதில் நியாயம் இருந்திருக்கலாம். ஆயினும் ஆண்டவர் நடுவராக இருக்க மறுக்கிறார். எவ்வகைப் பேராசைக்கும் இடங்கொடாதவாறு எச்சரித்துவிட்டு, இந்த உவமையைச் சொல்கிறார்.

உவமையில் வரும் செல்வர் திருடரல்லர், யாரையும் ஏமாற்றியவருமல்லர். அவருடைய நிலம் நன்றாக விளைந்தது. அவர் பேசும் சில வரிகளை வாசித்துப் பாருங்கள்: என் விளைபொருள், என் களஞ்சியம், என் தானியம், என் உள்ளம் என்று எல்லாமே 'என்' என்றுதான் வருகிறது. மனைவியோடு பேசவில்லை, வேலையாளோடு பேசவில்லை, கடவுளோடும் பேசவில்லை. தமக்குத்தாமே பேசிக்கொள்கிறார். அந்த இரவிலேயே உயிர் கேட்கப்படுகிறது.

பங்குத்தந்தையாகிய நான் இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் சில முகங்கள் என் கண்முன் வரும். தந்தையின் அடக்கத் திருப்பலிக்குச் சேர்ந்து வந்து, முப்பதாம் நாளுக்குத் தனித்தனியாக வந்த அண்ணன் தம்பிகள். அரை சென்ட் நிலத்துக்காக ஒருவரோடொருவர் பேசாமல், ஒரே கோவிலில் வெவ்வேறு வரிசையில் நின்று நற்கருணை வாங்குகிறவர்கள். சட்டப்படி அந்த நிலம் யாருக்கு என்பதை நீதிமன்றம் தீர்த்துவைக்கும். ஆனால் பீடத்தில் காணிக்கை செலுத்த வருகிறவர், சகோதரருக்குத் தம்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுற்றால், முதலில் போய் நல்லுறவு ஏற்படுத்திக்கொள்ளவேண்டும் என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறார் (மத் 5:23-24). இங்கேயும் அதே 'முதலில்' வருகிறது. காணிக்கைக்கும் முன்னால் சகோதரர் என்றால், சொத்துக்கு முன்னால் அவரைச் சொல்லவும் வேண்டுமா?

4. முகவாட்டமும் மகிழ்ச்சியும்

செல்வரைப் பற்றிய இரு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது.

முதலாவது, நிலைவாழ்வைத் தேடி வந்த செல்வர் (மாற் 10:17-22). மத்தேயு இவரை இளைஞர் என்கிறார். கட்டளைகளையெல்லாம் கடைப்பிடித்தவர். ஆண்டவர் அவரை உற்றுநோக்கி அன்புகூர்ந்தார் என்று மாற்கு எழுதுகிறார். அந்த அன்பினால்தான் எல்லாவற்றையும் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தம்மைப் பின்பற்றி வரச்சொன்னார். அவரோ முகவாட்டத்தோடு திரும்பிப் போனார். சொத்து அவரிடம் இருந்தது, மகிழ்ச்சி இல்லை.

இரண்டாமவர் சக்கேயு (லூக் 19:1-10). எதையும் விற்கும்படி ஆண்டவர் அவரிடம் கேட்கவேயில்லை. அவர் வீட்டில் தங்கவேண்டும் என்றுமட்டும் சொன்னார். சக்கேயு அவரை மகிழ்ச்சியோடு வரவேற்றார். தாமாகவே எழுந்து, உடைமையில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகவும் கொடுப்பதாகச் சொன்னார். பொருளை விட்டால்தான் ஆண்டவர் வருவார் என்றில்லை. ஆண்டவர் உள்ளே வந்தால் பொருளின் மேல் உள்ள பிடி தானாகவே தளரும்.

இன்னும் பலர் இருக்கிறார்கள். தங்கள் உடைமைகளைக் கொண்டு ஆண்டவருக்கும் சீடர்களுக்கும் பணிவிடை செய்த யோவன்னா, சூசன்னா முதலிய பெண்கள் (லூக் 8:1-3). தமக்கென வெட்டி வைத்திருந்த புதிய கல்லறையை ஆண்டவருக்குக் கொடுத்த அரிமத்தியா யோசேப்பு (மத் 27:57-60). பிழைப்புக்கு வைத்திருந்த இரண்டு காசுகளையும் காணிக்கைப் பெட்டியில் போட்ட கைம்பெண் (மாற் 12:41-44). ஒருவரிடம் நிறைய இருந்தது, ஒருவரிடம் ஒன்றுமில்லை. ஆனால் எல்லாரிடமும் வரிசை சரியாக இருந்தது.

5. இந்த வார்த்தையைக் கேட்டு வாழ்ந்தவர்கள்

வனத்து அந்தோணியார்: எகிப்தில் ஏறக்குறைய 251ஆம் ஆண்டில் பிறந்தவர். இளம் வயதில் பெற்றோரை இழந்து, நிலபுலன்களுக்கும் ஒரு தங்கைக்கும் பொறுப்பானார். ஒருநாள் கோவிலுக்குள் நுழைந்தபோது, செல்வரான இளைஞரைப் பற்றிய நற்செய்தி வாசிக்கப்பட்டது. அது தமக்கே சொல்லப்பட்டதாக எடுத்துக்கொண்டு, நிலத்தை ஊராருக்குக் கொடுத்தார். மற்றவற்றை விற்று ஏழைகளுக்குப் பகிர்ந்தார். தங்கைக்காகச் சிறிது வைத்துக்கொண்டார். மற்றொரு நாள், நாளையைப் பற்றிக் கவலைப்படவேண்டாம் என்ற வாசகத்தைக் கேட்டு, தங்கையை நம்பிக்கைக்குரிய கன்னியரிடம் ஒப்படைத்துவிட்டு, எஞ்சியதையும் கொடுத்தார். புனித அத்தனாசியார் எழுதிய வரலாறு இதைக் கூறுகிறது. 386ஆம் ஆண்டில் அந்தோணியாரின் கதையைக் கேட்டது புனித அகுஸ்தினாரின் மனமாற்றத்துக்கும் ஒரு தூண்டுதலாயிற்று. நாம் ஞாயிறுதோறும் கேட்கும் அதே வாசகங்கள்தாம்!

புனித பெரிய பேசில்: செசாரியா நகரில் 368-369ஆம் ஆண்டளவில் கொடும் பஞ்சம் வந்தது. தானியத்தைப் பதுக்கியவர்கள் விலையேற்றத்துக்காகக் காத்திருந்தார்கள். அப்போது குருவாக இருந்த பேசில், அறிவற்ற செல்வன் உவமையை எடுத்து அவர்களிடம் பேசினார். தேவைக்குமேல் பூட்டி வைத்தது இல்லாதவருக்கு உரியது என்பதே அவர் போதனையின் சாரம். பேசியதோடு நிற்காமல் பசித்தவர்களுக்கு உணவும் ஏற்பாடு செய்தார். பின்னர் ஆயராகி, நோயாளர், ஏழைகள், வழிப்போக்கர் ஆகியோருக்கு நகருக்கு வெளியே ஒரு பெரிய இல்லத்தை உருவாக்கினார்.

புனித தேவசகாயம்: 1712இல் நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் பணியாற்றியவர். கால்நடைகளும் பயிர்களும் அழிந்து மனமுடைந்திருந்தபோது, அரசரின் படையில் தளபதியாக இருந்த தெ லனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். அதன்பின் அவருக்குச் செல்வம் குவியவில்லை. இருந்த பதவியும் பறிபோயிற்று, 1749இல் கைதுசெய்யப்பட்டார், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவரது கல்லறை கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில் உள்ளது. திருத்தந்தை பிரான்சிஸ் 2022 மே 15 அன்று அவரைப் புனிதர் என அறிவித்தார். பொருள் இழப்பில் தொடங்கிய தேடல், இழக்க முடியாத ஒன்றைக் கண்டடைந்த வரலாறு இது.

6. திருச்சபையின் போதனை

இரண்டாம் வத்திக்கான் சங்கம், 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற 1965ஆம் ஆண்டு ஏட்டில், மனிதரின் மதிப்பு அவர் வைத்திருப்பதில் அல்ல, அவர் எப்படிப்பட்டவராக இருக்கிறார் என்பதில்தான் உள்ளது என்று கற்பித்தது (எண் 35). மண்ணுலகப் பொருள்கள் எல்லா மக்களின் பயனுக்காகவும் படைக்கப்பட்டவை என்பதையும் அதே ஏடு வலியுறுத்துகிறது (எண் 69).

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1991இல் வெளியிட்ட 'நூறாவது ஆண்டு' சுற்றுமடலில் ஒரு முக்கியமான வேறுபாட்டைக் காட்டுகிறார்: நன்றாக வாழ விரும்புவது தவறல்ல, 'இருப்பதை' விட்டு 'வைத்திருப்பதை' நோக்கியே வாழ்வை அமைத்துக்கொள்வதுதான் தவறு (எண் 36). பணத்தைக் கடவுளின் இடத்தில் வைத்து வணங்குவதும் சிலைவழிபாடே என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி கூறுகிறது (எண் 2113). திருத்தந்தை பிரான்சிஸ் 'நற்செய்தியின் மகிழ்ச்சி' என்ற 2013ஆம் ஆண்டு மடலில், பழைய பொற்கன்றுக்குட்டி இன்று பண வழிபாடாகத் திரும்பியிருக்கிறது என்று எச்சரித்தார் (எண் 55). திருத்தந்தை பதினான்காம் லியோ 2025 அக்டோபரில் வெளியிட்ட தம் முதல் திருத்தூது ஊக்கவுரையை ஏழைகள் மீதான அன்பைப் பற்றியே எழுதினார்.

7. தவிர்க்கவேண்டிய மூன்று தவறான புரிதல்கள்

முதலாவது, வறுமையைப் போற்றிவிட்டு ஏழையை அப்படியே விட்டுவிடுவது. உடையும் உணவும் இல்லாதவரிடம் நல்வார்த்தை மட்டும் சொல்லி அனுப்புவதால் பயனில்லை என்கிறார் யாக்கோபு (யாக் 2:15-16). வட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது ஒரு தாயின் மனம் ஜெபத்தில் நிற்கவில்லை என்றால், அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. அவருடைய கவலையைத் தந்தை அறிவார். நாமும் அறியவேண்டும்.

இரண்டாவது, இறையாட்சியைத் தேடுவதை ஒரு முதலீடாக ஆக்குவது. 'காணிக்கை கொடு, இரட்டிப்பாகக் கிடைக்கும். நம்பிக்கை இருந்தால் வீடும் காரும் வரும்' என்று சில இடங்களில் போதிக்கப்படுகிறது. அப்படியென்றால் மீண்டும் பணம்தானே முதலிடத்தில் இருக்கிறது? கடவுள் அதற்கு ஏணியாகிவிடுகிறார். யோபுவும் தேவசகாயமும் இந்தப் போதனைக்கு நேர் எதிரான சாட்சிகள்.

மூன்றாவது, உழைப்பை ஆன்மிகத்துக்குப் பகையாக நினைப்பது. உழைக்க மனமில்லாதவர் உண்ணலாகாது என்று சொன்னவர் புனித பவுல் (2 தெச 3:10). ஆண்டவரே நாசரேத்தில் தச்சராக உழைத்தார். நேர்மையாகச் செய்யும் வேலை ஜெபத்துக்கு இடையூறு அல்ல. ஓயாத ஆசைதான் இடையூறு.

8. அன்றாட வாழ்வில்

வரிசையைச் சரிசெய்யப் பெரிய காரியங்கள் தேவையில்லை. சில எளிய வழிகள்:

- நேரத்தின் முதற்கனி: காலையில் கைப்பேசியைத் தொடுமுன் சிறிது நேரம் ஜெபம். இரவில் குடும்ப ஜெபத்துக்குப் பின் தொலைக்காட்சி. தொலைக்காட்சிக்குப் பின் ஜெபம் அல்ல.

- வாரத்தின் முதற்கனி: ஞாயிறு திருப்பலி. பிழைப்புக்காக ஞாயிறும் வேலைக்குப் போகவேண்டியவர்கள் மாலையிலோ சனிக்கிழமை மாலையிலோ பங்குபெறலாம். நம்மிடம் வேலை செய்கிறவர்களுக்கு ஞாயிறு விடுமுறை தருவதும் நம் கடமையே.

- வருமானத்தின் முதற்கனி: சம்பளம் வந்ததும் ஏழைகளுக்குரிய பங்கை முதலில் எடுத்து வைப்பது. மாதக் கடைசியில் பார்க்கலாம் என்றால் ஒன்றும் மிஞ்சாது.

- விழாக்களில் எளிமை: புதுநன்மைக்கும் திருமணத்துக்கும் கடன் வாங்கி விருந்து வைப்பதைத் தவிர்ப்பது. பிள்ளை முதன்முதலாக ஆண்டவரைப் பெறும் நாளில், பெற்றோர் சமையல்காரரோடும் புகைப்படக்காரரோடும் ஓடிக்கொண்டிருப்பது எத்தனை வேதனை!

- ஒப்புரவு: சொத்துக்காக யாரோடாவது பேசாமல் இருந்தால், தீர்ப்புக்குக் காத்திராமல் முதல் அடியை எடுத்து வைப்பது.

இவற்றையெல்லாம் எழுதும் நான் இதில் தேறியவன் அல்லன். ஒரு பங்கில் சமூகக்கூடம் கட்டிக்கொண்டிருந்தோம். மேல்தளத்துக்குக் காங்கிரீட் போடும் நாள். காலையில் உபதேசியார் வந்து, ஒரு பாட்டிக்கு உடல்நிலை மோசமாக இருப்பதாகவும், நோயில்பூசுதல் கேட்பதாகவும் சொன்னார். ஆள்களும் இயந்திரமும் வந்துவிட்டார்கள், நான் நகர்ந்தால் வேலை கெட்டுவிடும் என்று எண்ணி, "சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லுங்கள்" என்றேன். பிற்பகல் மூன்று மணிக்குத் துக்கமணி அடித்தது. நான் போனபோது, எனக்காகப் போட்ட நாற்காலி கட்டிலின் அருகே அப்படியே இருந்தது. மேசையில் வெள்ளைத் துணி விரித்து, இரண்டு மெழுகுவர்த்தி வைத்திருந்தார்கள். அவை ஏற்றப்படவில்லை. பாட்டியின் மகன் என்னிடம் கோபப்படவில்லை. "சாமி, அம்மா மத்தியானம் வரைக்கும் வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கூடம் இன்றும் நன்றாக இருக்கிறது. தளம் கசியவில்லை. அது கோவில் காரியம், எனக்கென்று ஒன்றும் செய்துகொள்ளவில்லை என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கோவில் காரியமாகவே இருந்தாலும், கல்லும் சிமெண்டும் முதலிடத்துக்கு வந்தால் ஓர் ஆன்மா காத்திருக்க நேர்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் இதை அறிக்கையிட்டுவிட்டேன், மறக்கவில்லை. அதன்பின் நோயாளிக்கென்று அழைப்பு வந்தால், கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்புவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

சிந்திக்க

1. இன்று காலையில் எழுந்ததும் என் மனத்தில் வந்த முதல் எண்ணம் எது?
2. என் வீட்டில், என் நேரத்தில், என் வருமானத்தில் ஆண்டவருக்கு முதலிடமா, மிஞ்சிய இடமா?
3. நான் 'பிறகு வருகிறேன்' என்று சொன்னதால் எனக்காகக் காத்திருப்பவர் யார்?

செபம்

அன்புத் தந்தையே, எங்களுக்குத் தேவையானதை நீர் அறிவீர். உழைப்பதற்கு வலிமையும், போதும் என்னும் மனமும், பகிரும் கைகளும் தாரும். எங்கள் வீட்டிலும் உள்ளத்திலும் உமக்குரிய முதலிடத்தை உமக்கே தர அருள்கூரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்.